கிரெடிட் என்பது மாணவரின் நேரம்: பாடங்களைச் சரிபார்ப்பவர் எதைப் பார்க்க வேண்டும்?

பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியின் வணிகப் புலத்தில் விரிவுரையாளராக இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். உயர்கல்விப் படிப்புகளின் தரத்தை அங்கீகரிக்கும் மலேசியத் தகுதி முகமையான எம்க்யூஏவின் மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முன், புலத்தின் எல்லாப் பாடங்களும் கிரெடிட் நேர விதிப்படி இருக்கின்றனவா என்று பார்த்து அறிக்கை தரும் பொறுப்பு அவருக்கு வந்திருக்கிறது. "படிவத்தில் கூட்டுத்தொகை சரியாக வந்தால் போதும் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். அவ்வளவுதானா, வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?" என்பது அவருடைய கேள்வி. நான் கோலாலம்பூரில் உயர்கல்வித் தர உறுதி வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன். எனக்குத் தெரிந்ததை விரிவாகவே சொல்கிறேன்.

கூட்டுத்தொகை சரியாக வருவது போதாது. சொல்லப்போனால், எல்லா மூன்று கிரெடிட் பாடத்திலும் கூட்டுத்தொகை அச்சுப் பிசகாமல் 120 மணி என்று வந்து நின்றால் அங்கேதான் எனக்குச் சந்தேகம் தொடங்கும்.

முதலில் விதி. மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவர் கற்கச் செலவிடும் 40 மணி நேரம். விரிவுரையில் உட்கார்ந்திருப்பது, டுட்டோரியல், ஆய்வுக்கூடம், வீட்டில் படிப்பது, இடுபணி (அசைன்மென்ட்) எழுதுவது, தேர்வுக்குத் தயாராவது, தேர்வு எழுதுவது ஆகிய எல்லாமே அந்த 40க்குள் அடங்கும். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி. இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், டிப்ளோமாவுக்கு 90. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் எம்க்யூஏ உருவான காலத்திலிருந்து அடிப்படை இதுதான். பின்னர் வந்த இரண்டாம் பதிப்புக் கட்டமைப்பும் இதை மாற்றவில்லை. மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் (யுஎஸ்எம்) போன்றவை 2010 முதல் தங்கள் படிப்புகளுக்குத் தாங்களே தர அங்கீகாரம் வழங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கின்றன. அவையும் இதே 40 மணிக்குக் கட்டுப்பட்டவைதான்.

இந்த விதியில் விரிவுரையாளர் எத்தனை மணி நேரம் பேசினார் என்பது ஒரு சிறு பகுதி. வாரம் மூன்று மணி நேரம் வகுப்பு, பதினான்கு வாரம் என்றால் 42 மணி. மிச்சமுள்ள 78 மணி நேரத்தில் பெரும்பகுதியும் நம் கண்ணுக்குப் படாமல் மாணவர் தனியாகச் செலவிடுவது. ஆகவே பாடத்தைச் சரிபார்ப்பவருடைய வேலையில் பெரும்பங்கு இந்த 78 மணி நேரத்தைப் பற்றியது. கல்லூரிகளில் நடப்பதோ நேர்மாறு: 42ஐத்தான் துருவித் துருவிப் பார்க்கிறார்கள், 78ஐக் கழித்தல் கணக்கில் வந்த மீதியாக விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் கையில் இருக்கும் முதல் ஆவணம், நாம் எல்லாரும் டேபிள் 4 என்று அழைக்கும் பாடத் தகவல் படிவம். அதில் ஒவ்வொரு தலைப்புக்கும் விரிவுரை, டுட்டோரியல், செய்முறை, வழிகாட்டலுடன் கூடிய இணையவழிக் கற்றல், சுயகற்றல் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். கீழே மதிப்பீட்டுப் பகுதி. கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி 40ஆல் வகுத்தால் கிரெடிட் வந்துவிடும். இந்தப் படிவத்தைப் பலர் கீழிருந்து மேலாக நிரப்புகிறார்கள். 120 வேண்டும், 42 இருக்கிறது, மதிப்பீட்டுக்கு ஒரு 20 போடலாம், மீதி 58ஐப் பதினான்கு தலைப்புகளுக்குப் பங்கிட்டுவிடலாம் என்ற கணக்கு. எண்கள் பொருந்திவிடும். ஆனால் எந்த மாணவரும் அப்படிப் படித்திருக்க மாட்டார். எளிய தலைப்புக்கும் கடினமான தலைப்புக்கும் சுயகற்றல் கட்டத்தில் ஒரே எண் வரிசையாக இருந்தால், அந்தப் படிவம் இப்படித்தான் நிரப்பப்பட்டிருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

ஒரு பாடத்தை எடுத்துப் பார்ப்போம். நுகர்வோர் நடத்தை, மூன்று கிரெடிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரிவுரை 28 மணி, டுட்டோரியல் 14. இரண்டுக்கும் மணிக்கு மணி என்று சுயகற்றல் 42. ஆக 84. இடைத்தேர்வு, தயாரிப்பையும் சேர்த்து 6. குழு இடுபணி 14. வகுப்பில் படைத்துக் காட்டுவது 4. இறுதித் தேர்வும் அதற்கான மீள்பார்வையும் 12. கூட்டினால் 120. படிவம் அழகாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடத் தோன்றும்.

போகாதீர்கள். இடுபணியின் வினாத்தாளைக் கேட்டு வாங்குங்கள். நான்கு பேர் கொண்ட குழு சௌராஸ்தா சந்தைக்குப் போய் இருபது வியாபாரிகளிடம் நேர்காணல் எடுத்து, அதை எழுத்தாக்கி, 4,000 சொற்களில் அறிக்கை தர வேண்டும் என்று அதில் இருக்கலாம். கணக்குப் போடுங்கள். ஆளுக்கு ஐந்து நேர்காணல், ஒவ்வொன்றும் அரை மணி என்றால் பேச்சு மட்டும் இரண்டரை மணி. வியாபாரி ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அரை மணிப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எழுத, பழக்கமில்லாத மாணவருக்கு இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். அதுவே பத்து மணி. அதிலும் பினாங்குச் சந்தையில் ஒருவர் ஹொக்கியனில் பதில் சொல்வார், அடுத்தவர் மலாயில், அதற்கடுத்தவர் தமிழில், அறிக்கையோ ஆங்கிலத்தில். மொழிபெயர்க்கும் நேரத்தைப் படிவத்தில் யாரும் எழுதவில்லை. பிறகு பதில்களை வகைப்படுத்த வேண்டும், தன் பங்கான ஆயிரம் சொற்களை எழுத வேண்டும், குழுவாக உட்கார்ந்து ஒன்றாக்க வேண்டும். இருபத்து நான்கு மணிக்குக் குறையாது. படிவத்தில் இருப்பது 14.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. நேர்காணலை ஆளுக்கு இரண்டாகக் குறைக்கலாம்: பேச்சு ஒரு மணி, எழுத்தாக்கம் நான்கு மணி, மீதி ஒன்பது மணி ஆராயவும் எழுதவும். அப்போது 14 நேர்மையான எண்ணாகிவிடும். இடுபணியை இப்படியே வைத்துக்கொள்ள விரும்பினால், பத்து மணியை வேறெங்கிருந்தாவது எடுக்க வேண்டும். இடைத்தேர்வை விட்டுவிட்டு, மீள்பார்வையையும் சுருக்கலாம். எதைச் செய்வது என்பதைப் பாடம் நடத்துபவர்தான் முடிவு செய்ய வேண்டும். படிவத்தில் 14ஐ 24 ஆக்கி, சுயகற்றலில் பத்தை வெட்டிக் கூட்டுத்தொகையைக் காப்பாற்றுவது மட்டும் தீர்வு ஆகாது, அந்தப் பத்து மணி நேரப் படிப்பு உண்மையிலேயே குறைக்கப்பட்டாலொழிய.

மதிப்பெண்ணுக்கும் நேரத்துக்கும் உள்ள உறவையும் பாருங்கள். 40 விழுக்காடு மதிப்பெண் உள்ள இடுபணிக்கு 6 மணியும், 5 விழுக்காட்டு வினாவிடைக்கு 8 மணியும் கொடுக்கப்பட்டிருந்தால் ஏதோ ஒன்று பொய். இரண்டும் துல்லியமாக விகிதப்படி இருக்க வேண்டியதில்லை. ஆனால் தலைகீழாக இருக்கக் கூடாது.

இரட்டைக் கணக்கு இன்னொரு பெரிய பிரச்சினை. பெருந்தொற்றுக்குப் பிறகு எல்லாரும் விரிவுரைகளைப் பதிவு செய்து கற்றல் தளத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் காணொளியை மாணவர் பார்க்கும் நேரம் வழிகாட்டலுடன் கூடிய இணையவழிக் கற்றலிலும் இருக்கும், சுயகற்றலிலும் இருக்கும். சில படிவங்களில் அதே விரிவுரை நேரடி வகுப்பாகவும் இருக்கும். ஒரே ஒரு மணி நேரத்தை மூன்று இடத்தில் எண்ணுவது மாணவருக்கு இரண்டு மணி நேரக் கல்வியைத் தராமல் விடுவதற்குச் சமம். மீள்பார்வை நேரமும் இப்படித்தான்: தேர்வுக் கட்டத்தில் போட்டுவிட்டால் சுயகற்றலில் மறுபடி போடக் கூடாது.

கணக்கியல் மென்பொருள் போன்ற கணினி ஆய்வுக்கூடப் பாடங்களில் தவறு எதிர்த்திசையில் நடக்கும். ஒரு கிரெடிட் பாடம். வாரம் மூன்று மணி நேரம் ஆய்வுக்கூடம். 14 வாரத்துக்கு 42 மணி. வகுப்பே 40ஐத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் பத்துப் பயிற்சிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி. ஆக, மாணவர் செய்வது 62 மணி நேர வேலை. அவருக்குக் கிடைப்பது ஒரு கிரெடிட். இதை யாரும் புகாராகக் கொண்டுவர மாட்டார்கள், ஏனென்றால் கல்லூரி "அதிகமாகத்தானே கற்றுக்கொடுக்கிறோம்" என்று நினைக்கும். மாணவருக்கோ கேட்கலாம் என்றே தெரியாது. குறைவாகக் கொடுப்பதைப் போலவே அதிகமாக வாங்குவதும் விதிமீறல்தான் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். ஆய்வுக்கூடத்தை இரண்டு மணியாக்கி 28, ஆறு பயிற்சிகளுக்கு 12 என்று வைத்தால் சரியாக ஒரு கிரெடிட். இரண்டு கிரெடிட்டாக உயர்த்தலாம் என்று சிலர் சொல்வார்கள். உயர்த்தினால் 80 மணிக்கு வேலை காட்ட வேண்டும், பட்டத்தின் மொத்தக் கிரெடிட் மாறும், பல கல்லூரிகளில் கட்டணமும் மாறும், கல்விக்குழு ஒப்புதல் வேண்டும். அவசரத்தில் எடுக்கும் முடிவில்லை.

தொழிற்பயிற்சிக்குக் கணக்கு வேறு. இரண்டு வாரம் ஒரு கிரெடிட். வாரம் 40 மணி நேர வேலையில் பாதியைத்தான் உருப்படியான கற்றலாக எடுத்துக்கொள்கிறோம். இரண்டு வாரத்தின் 80இல் பாதி 40. பன்னிரண்டு வாரத்துக்கு ஆறு கிரெடிட். படிவத்தில் இதற்கென்று குறியிட ஓர் இடம் உண்டு. அதைக் குறியிட மறந்து, முழு 480 மணியையும் எழுதி, அதற்குப் பன்னிரண்டு கிரெடிட் கணக்கிட்டுவிடும் பிழை வருவதுண்டு. அதை மட்டும் பார்த்துவிட்டு நகரலாம்.

இப்போது காலண்டர். படிவத்தில் 14 வாரம் என்று இருக்கும். உங்கள் கல்லூரியில் உண்மையில் எத்தனை வாரம் வகுப்பு நடந்தது? பினாங்கில் தைப்பூசத்துக்கு விடுமுறை. சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் விடுமுறை என்றாலும் வகுப்பு அந்த வாரம் முழுக்க நடக்காது. ஆண்டுத் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் பருவத்தில் ஏதாவது ஒரு கிழமைக்கு மட்டும் இரண்டு மூன்று வகுப்புகள் போய்விடும். கோலாலம்பூரில் கூட்டரசுப் பிரதேச தினமும் சேர்ந்துகொள்ளும். போன வகுப்புக்கு மாற்று வகுப்பு நடந்ததா, எந்தத் தேதியில், வருகைப் பதிவு எங்கே என்று கேளுங்கள். மதிப்பீட்டுக் குழு கேட்கும் எளிய கேள்வி இது. பதில் இல்லாமல் கல்லூரிகள் விழிப்பதும் இதற்குத்தான். மாற்று வகுப்பு நடந்திருக்கும். ஆனால் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் தொடங்கி ஒரு வாட்ஸ்அப் செய்தியில் முடிந்திருக்கும். அதைக் கற்றல் தளத்தில் பதிவு செய்யும் பழக்கத்தை இப்போதே கொண்டுவந்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய கவலை குறும்பருவம்தான். ஏழு வாரப் பருவத்தில் மூன்று பாடம், ஒன்பது கிரெடிட் எடுக்க அனுமதிக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. ஒன்பது கிரெடிட் என்றால் 360 மணி. ஏழு வாரத்தில் வாரத்துக்கு 51 மணி நேரத்துக்கு மேல். அதில் வகுப்பு மட்டும் 18 மணி. மிச்சம் 33 மணியை மாணவர் தானாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் படிவத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் பிழையே தெரியாது, ஒவ்வொன்றும் 120 என்றே இருக்கும். சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒப்பிட்டுப் பாருங்கள்: நீண்ட பருவத்தில் 17 கிரெடிட் எடுப்பவருக்கு 680 மணி; வகுப்பு, மீள்பார்வை, தேர்வு எல்லாம் சேர்த்து 18 வாரம் என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய 38 மணி. ஒரு முழுநேர வேலைக்குச் சமம், செய்யக்கூடியது. 51 செய்யக்கூடியதில்லை.

நம் பிள்ளைகளில் பலர் மாலையில் கடையிலோ உணவகத்திலோ பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். அரசின் பிடிபிடிஎன் கல்விக் கடன் வாங்கிப் படிப்பவர்கள். குறும்பருவத்தில் மூன்று பாடத்தை முடித்துவிட்டால் சீக்கிரம் பட்டம் வாங்கிவிடலாம் என்று அவர்களிடம் சொல்லப்படுகிறது. இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: அவர் தேர்வில் தோற்றுக் கட்டணத்தை மறுபடி கட்டுவார், அல்லது பாடம் சத்தமில்லாமல் சுருக்கப்பட்டு 120க்குப் பதில் 70 மணி நேரப் படிப்புக்கு மூன்று கிரெடிட் எழுதப்படும். இரண்டுமே அநியாயம். குறும்பருவத்தில் ஆறு கிரெடிட் உச்சவரம்பு என்று வைத்தால் வாரத்துக்கு 34 மணி வரும். உங்கள் அறிக்கையில் ஒரே ஒரு பரிந்துரைக்குத்தான் இடம் என்றால் இதை எழுதுங்கள்.

உங்கள் கல்லூரியில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டப் படிப்பு நடந்தால் இன்னொரு எச்சரிக்கை. பிரிட்டனில் ஒரு கிரெடிட் 10 மணி; ஐரோப்பிய ஈசிடிஎஸ் கிரெடிட் 25 முதல் 30 மணி வரை. பிரிட்டனின் சிறப்புப் பட்டத்துக்கு 360 கிரெடிட், அதாவது 3,600 மணி. நம் 120 கிரெடிட் 4,800 மணி. இந்த 1,200 மணி இடைவெளியைப் பொதுப் பாடங்களாலும் கூடுதல் பாடங்களாலும் தொழிற்பயிற்சியாலும் நிரப்ப வேண்டும். 20 கிரெடிட் பாடம் பிரிட்டன் கணக்கில் 200 மணி; நம் கணக்கில் ஐந்து கிரெடிட். அதை ஆறு என்றோ ஏழு என்றோ எழுதியிருந்தால், கூடுதல் மணி நேரத்துக்கு மாணவர் என்ன செய்கிறார் என்று காட்டச் சொல்லுங்கள்.

அமெரிக்கப் பட்டத்துக்கு மாறிச் செல்லும் படிப்புகளில் குழப்பம் வேறு விதம், ஏனென்றால் அங்கேயும் இளங்கலைக்கு வழக்கமாக 120 கிரெடிட்தான். எண் ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்று என்று எண்ணிவிடுகிறார்கள். 2011 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கூட்டரசு விதி, ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி வகுப்பு, குறைந்தது இரண்டு மணி வெளிவேலை, ஏறக்குறைய பதினைந்து வாரம் என்கிறது. பெருக்கினால் 45. அந்த நாட்டில் இந்த அளவை வேரூன்றச் செய்தது, பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்குவதற்காக 1900களின் தொடக்கத்தில் கார்னகி அறக்கட்டளை வகுத்த நிபந்தனைகள். அதனால் அது வகுப்பு நேரத்தைச் சுற்றியே வளர்ந்தது. நம்முடையது மொத்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் உங்கள் பாடத்தை ஏற்கும்போது வகுப்பு மணி நேரத்தைத்தான் முதலில் கேட்கும். இணையவழிக்கு மாற்றி நேரடி வகுப்பைக் குறைத்த பாடங்கள் எம்க்யூஏவுக்குச் சரியாக இருந்தாலும் அங்கே கேள்விக்குள்ளாகலாம்.

இனி, வேலையை எப்படி நடத்துவது? எல்லாப் பாடத்தையும் இந்த ஆழத்தில் பார்க்க ஒருவரால் முடியாது. படிவக் கூட்டுத்தொகையை எல்லாவற்றுக்கும் பாருங்கள். அது அரைநாள் வேலை. ஆழமாகப் பார்க்க, ஒவ்வொரு ஆண்டுக்கும் சில பாடங்களைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு பெரிய வகுப்பு, ஓர் ஆய்வுக்கூடப் பாடம், ஓர் இணையவழிப் பாடம், குறும்பருவத்தில் நடக்கும் ஒன்று, பகுதிநேர விரிவுரையாளர் நடத்தும் ஒன்று. கடைசியாகச் சொன்னதை விடாதீர்கள். பகுதிநேர விரிவுரையாளர்களிடம் பழைய படிவத்தைக் கொடுத்து அப்படியே நடத்தச் சொல்வது பரவலான வழக்கம். அவர்கள் வைக்கும் இடுபணி படிவத்தில் உள்ளதாக இருக்காது. ஒவ்வொரு பாடத்துக்கும் படிவம், வாராந்திரத் திட்டம், கால அட்டவணை, இடுபணி வினாத்தாள், கற்றல் தளத்தின் பக்கம் ஆகிய ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முரண்பாடு தானாகத் தெரியும்.

மாணவர்களையும் கேளுங்கள். பருவத்தின் நடுவில் மூன்று வாரத்துக்கு, பத்துப் பதினைந்து பேர் பாடவாரியாகத் தாங்கள் செலவிட்ட நேரத்தைக் குறித்துத் தரட்டும். நன்றாகப் படிப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர்கள் தரும் எண் துல்லியமாக இராது. ஆனால் படிவம் வாரத்துக்கு ஐந்து மணி சுயகற்றல் என்று சொல்லும் பாடத்தில் எல்லாரும் ஒரு மணி என்று எழுதினால், அந்தப் பாடத்தை நடத்துபவரிடம் பேச உங்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

பேசும் விதம் முக்கியம். நீங்கள் சரிபார்க்கப் போவது உங்களைவிட மூத்தவர்களின் பாடங்களையும். "உங்கள் படிவம் தவறு" என்று தொடங்கினால் கதவு சாத்திவிடும். "சார், இந்த இடுபணியை ஒரு சராசரி மாணவர் எப்படிச் செய்வார், கொஞ்சம் படிப்படியாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலானோர் சொல்லிக்கொண்டே வரும்போது தாங்களே நிறுத்தி, பேனாவை எடுத்து எண்ணைத் திருத்துவார்கள். பாடத்தின்மேல் அக்கறை இல்லாத விரிவுரையாளர்கள் மிகச் சிலர்தான். நேரத்தைக் கணக்கிட யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை.

அறிக்கையில் பாடங்களை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். படிவத்தில் மட்டும் பிழை இருப்பவை. அவற்றைப் பாட ஒருங்கிணைப்பாளரே திருத்திவிடலாம். இடுபணியையோ வகுப்பு நேரத்தையோ மாற்ற வேண்டியவை. அவற்றைப் புலக் கூட்டத்தில் வைத்து அடுத்த பருவத்திலிருந்து மாற்ற வேண்டும், இந்தப் பருவத்து மாணவருக்கு நடுவழியில் மாற்றக் கூடாது. கிரெடிட் எண்ணிக்கையே மாற வேண்டியவை. இவை கல்விக்குழு வரை போகும். ஒவ்வொன்றுக்கும் என்ன கண்டீர்கள், எந்த ஆவணத்தில் கண்டீர்கள், யார் எப்போதுக்குள் மாற்ற ஒப்புக்கொண்டார் என்று எழுதி வையுங்கள். எம்க்யூஏவின் நடைமுறை விதித்தொகுப்பில் உள்ள ஏழு கூறுகளில் முதல் இரண்டுமே, அதாவது பாடத்திட்ட வடிவமைப்பும் மாணவர் மதிப்பீடும், இந்த வேலையால் பாதி தயாராகிவிடும். குறைகளை நீங்களே கண்டுபிடித்துத் தேதியோடு எழுதி வைத்திருப்பதைப் பார்த்து எந்த மதிப்பீட்டாளரும் கோபித்துக்கொள்ள மாட்டார். குறையே இல்லை என்று சொல்லும் அறிக்கையைத்தான் அவர் இரண்டாம் முறை திறந்து பார்ப்பார்.

குறும்பருவ உச்சவரம்பை மட்டும் இந்த அறிக்கையோடு சேர்க்காமல் தனிக் குறிப்பாக எழுதி, அடுத்த குறும்பருவத்துக்கான பாடப்பதிவு தொடங்குவதற்கு முன்பே புல முதல்வரிடம் கொடுத்துவிடுங்கள். பதிவு தொடங்கிக் கட்டணமும் வாங்கிவிட்ட பிறகு அதை யாரும் படிக்க மாட்டார்கள்.